'முடியாது' என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்!

'முடியாது.'

நாலே நாலு எழுத்து. ஆனால் இதைச் சொல்வதற்குள் நம்மில் பலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள், "அரை மணி நேரம் பார்த்துக்கோயேன்" என்று பேரனை விட்டுவிட்டுப் போவார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வருவார். பள்ளிக்கூட விழாவுக்கு முப்பது பேருக்குச் சுண்டல் செய்து தரும் பட்டியலில் நம் பெயர் தானாகவே ஏறியிருக்கும். வேலைக்குப் போகும் சகோதரி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்கிற நேரம் பார்த்து, மேலதிகாரியின் செய்தி கைப்பேசியில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்று தலையாட்டிவிட்டு, ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டே யார் யார் மீதோ மனசுக்குள் எரிந்து விழுகிறோம். வாய் சொன்ன 'சரி'யை மனசு சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே கிடந்து அல்லாடுவது நம் உடம்புதான்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொல்கிறவர்கள் யார் தெரியுமா? இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் வாழ்ந்த சில பெரியவர்கள். 'ஸ்டோயிக்' தத்துவக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர். 'அடேயப்பா, தத்துவமா!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. இருபது வருஷமாக வீட்டுக் கூடத்தில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். என் அப்பாவின் பழைய புத்தகப் பெட்டியில் 'ஆத்ம சிந்தனை' என்ற புத்தகம் இருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகளை ராஜாஜி தமிழில் தந்த புத்தகம் அது. அதைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முந்தியவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்று என் மகளின் உதவியோடு தேடித் தேடிப் படித்தேன். அடுப்படிக்கும் தையல் மெஷினுக்கும் இவ்வளவு பொருத்தமாகப் பேசுகிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

மண்டபத்தில் பிறந்த தத்துவம்

கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் நகரத்தில் ஜீனோ என்பவர் பாடம் சொல்ல ஆரம்பித்தார். சைப்ரஸ் தீவுக்காரர், வியாபாரி. கப்பல் கவிழ்ந்து சரக்கெல்லாம் போன பிறகுதான் தத்துவத்தின் பக்கம் திரும்பினார் என்று சொல்வார்கள். அவர் பாடம் சொன்ன இடம், கடைத்தெருவை ஒட்டித் தூண்கள் வரிசையாக நின்ற ஒரு மண்டபம். அந்த மாதிரி மண்டபத்துக்கு அவர்கள் மொழியில் 'ஸ்டோவா' என்று பெயர். அதனால் அங்கே கூடியவர்களுக்கு 'ஸ்டோயிக்' என்ற பெயர் வந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் நின்று கேட்கிற இடம். நம் ஊர் வழக்கில் சொன்னால் திண்ணைப் பேச்சுதான்!

பின்னால் ரோமாபுரியில் இந்த வழியில் மூன்று பேர் பெரும் புகழ் பெற்றார்கள். ஒருவர் செனகா, பெரும் பணக்காரர், அரசனுக்கு ஆலோசகர். இன்னொருவர் எபிக்டெடஸ், அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமானவர். மூன்றாமவர், நான் முன்னே சொன்ன சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ். மந்திரி, அடிமை, ராஜா... மூன்று பேருக்கும் ஒரே தத்துவம் பொருந்தியது என்றால், நமக்குப் பொருந்தாமலா போய்விடும்?

'இதெல்லாம் ஆம்பிளைகள் சமாசாரம்' என்று நினைக்கவும் வேண்டாம். எபிக்டெடஸின் குரு முசோனியஸ் ரூஃபஸ் என்பவர், பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். ஆணுக்கு இருக்கிற அதே பகுத்தறிவுதான் பெண்ணுக்கும் இருக்கிறது என்பது அவர் கட்சி. 'படித்தால் பெண்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார்களே' என்று சிலர் ஆட்சேபித்தார்களாம். தத்துவம் படிக்கிற ஆண் மட்டும் தன் வேலையை விட்டுவிடலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். எவ்வளவு நியாயமான கேள்வி!

எது நம் கையில்?

எபிக்டெடஸ் பிறந்தது கி.பி. 50 வாக்கில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள ஓர் ஊரில். ரோமாபுரியில் அடிமையாக இருந்து, பின்னால் விடுதலை பெற்று, ஆசிரியர் ஆனார். தத்துவ ஆசிரியர்களை ஊரை விட்டு வெளியேறச் சொல்லி டொமிஷியன் என்ற சக்கரவர்த்தி உத்தரவிட்டபோது, கிரேக்க நாட்டில் நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் கையால் எதுவும் எழுதி வைக்கவில்லை. அர்ரியன் என்ற மாணவர் கேட்டதை எல்லாம் எழுதி வைத்தார். அதைச் சுருக்கி ஐம்பத்து மூன்று சின்னச் சின்னப் பகுதிகளாக ஒரு கைப்புத்தகமும் செய்தார்.

அந்தக் கைப்புத்தகத்தின் முதல் பாடமே நமக்கான பாடம். உலகத்தில் உள்ள விஷயங்களை இரண்டு கூடையாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு கூடையில் நம் கையில் இருப்பவை: நாம் எதை நினைக்கிறோம், எதை விரும்புகிறோம், எதை ஒதுக்குகிறோம், என்ன செய்யத் தீர்மானிக்கிறோம். இன்னொரு கூடையில் நம் கையில் இல்லாதவை: உடம்பு, சொத்து, பதவி, மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது. இரண்டாவது கூடைச் சாமானை முதல் கூடையில் போட்டுக் குழப்பிக்கொள்கிறவருக்கு நிம்மதி கிடையாது; அவர் எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டே இருப்பார் என்பது எபிக்டெடஸின் முடிவு.

இதை 'முடியாது' என்ற சொல்லுக்குப் பொருத்திப் பாருங்கள். 'முடியாது' என்று சொல்வது என் கையில். அதை மரியாதையாக, உண்மையாக, நேரத்தோடு சொல்வது என் கையில். அதைக் கேட்டவர் முகம் சிரிக்குமா, சுருங்குமா, நாலு பேரிடம் போய் என்ன சொல்லும் என்பது என் கையில் இல்லவே இல்லை. நாமோ, அவர் முகம் வாடாமல் 'முடியாது' சொல்ல ஒரு வழி தேடுகிறோம். அப்படி ஒரு வழி கிடைக்காததால், கடைசியில் 'சரி' என்று சொல்லிவிடுகிறோம்!

என் மணிக்கட்டு சொன்ன பாடம்

தையல்காரிக்கு வருஷத்தில் இரண்டு பருவம். ஆடியில் ஈ ஓட்டலாம். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தம், நவராத்திரி, தீபாவளி என்று மூச்சு விட நேரம் இருக்காது. துணிப் பைகள் கட்டிலுக்கு அடியில் வரை போய்விடும். "அக்கா, நாளைக்குக் காலையில வேணும்கா" என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். நான்கு வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு பருவத்தில், வலது கைக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போக ஆரம்பித்தன. ராத்திரி தூக்கத்தில் ஊசி குத்துவது போல் எரியும். எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன். கொக்கி கட்டும்போது ஊசி கை நழுவிக் கீழே விழும்.

டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்துகிறது என்றார். ராத்திரியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். "மூணு மாசத்துக்கு வேலையைப் பாதியாக் குறைங்க. இன்னும் மோசமானா ஆபரேஷன் வரைக்கும் போகும். கை பேச்சை நீங்க இப்ப கேட்கலைன்னா, அப்புறம் உங்க பேச்சை கை கேட்காது" என்று சொல்லிவிட்டார்.

பாதியாகக் குறைப்பதா! மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த மெஷினிலிருந்துதான் வருகிறது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த தெருத் தையல் கடைக்குப் போய்விடுவார்களே! ஆனால் கையே போய்விட்டால்? மூன்று நாள் யோசித்து ஓர் அட்டையில் எழுதி வாசலில் மாட்டினேன்: 'வாரத்துக்குப் பத்து ரவிக்கை மட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் துணி வாங்குவதில்லை. அவசரத் தையல் இல்லை.'

வந்தவர்களில் பலர் படித்துவிட்டு, "சரிக்கா, அடுத்த வாரம் தாங்க" என்றார்கள். ஐந்தாறு பேர் வேறு கடைக்குப் போனார்கள். இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வருஷம் வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து செலவுப் பட்டியலைத் திரும்ப எழுதினோம். அதே ஆவணியில்தான் என் நாத்தனார் வந்தாள்.

அவள் மகளுக்குக் கல்யாணம். பதினான்கு ரவிக்கைத் துணிகள், பத்தே நாள்.

"அண்ணி, வெளியில குடுத்தா உங்க கை வராது."

"முகூர்த்த ரவிக்கையும் வரவேற்பு ரவிக்கையும் நான் தைக்கிறேம்மா. மனசாரத் தைச்சுத் தரேன். மத்ததுக்கு இந்தக் கை இடம் குடுக்காது" என்றேன்.

"சொந்தத்துக்கே கணக்குன்னா, அப்புறம் என்ன அண்ணி பேச்சு?" என்று துணிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். என் அத்தை (மாமியார்) அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த இரண்டு துணிகள் மட்டும் ஆள் மூலம் வந்தன. தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் நாத்தனாரிடமிருந்து பேச்சே இல்லை.

கீரைக்கட்டின் விலை

அந்த மூன்று மாதமும் எனக்குக் கைகொடுத்தது எபிக்டெடஸின் கைப்புத்தகத்தில் வரும் ஒரு கீரைக் கணக்குதான்.

சந்தையில் கீரை விற்கிறது. விலை ஓபோல் என்ற ஒரு சின்னக் காசு. ஒருவர் காசைக் கொடுத்துக் கீரையை வாங்கிப் போகிறார். நீங்கள் காசு கொடுக்கவில்லை, கீரை கிடைக்கவில்லை. அவரைவிட நீங்கள் எந்த விதத்தில் நஷ்டப்பட்டீர்கள்? அவரிடம் கீரை இருக்கிறது. உங்களிடம் காசு இருக்கிறது. இதேபோல ஒரு பெரிய மனிதர் விருந்துக்கு உங்களைக் கூப்பிடவில்லை என்றால், அந்த விருந்துக்கு உரிய விலையை நீங்கள் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த விலை, அவரைப் புகழ்வதும் அவர் வாசலில் காத்துக் கிடப்பதும். காசும் கொடுக்க மாட்டேன், கீரையும் வேண்டும் என்பது பேராசை என்கிறார் எபிக்டெடஸ்.

எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்கள்! 'தங்கமான அண்ணி, கேட்டதும் செய்து கொடுப்பாள்' என்ற பெயர் ஒரு கீரைக்கட்டு. அதன் விலை பன்னிரண்டு ரவிக்கை, பத்து ராத்திரித் தூக்கம், ஒரு மணிக்கட்டு. நான் அந்த விலையைக் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பெயரும் எனக்கு இல்லை. ஆனால் என் காசு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மடக்கி நீட்ட ஒரு கை இருக்கிறது.

எல்லை போட்டுக்கொள்வது என்றால், யாரும் வருத்தப்படாமல் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நடக்காது, சகோதரிகளே. ஒவ்வொரு 'முடியாது'க்கும் ஒரு விலை உண்டு. சில சமயம் பணம். சில சமயம் ஒருவர் முகம். சில சமயம் நம் நல்ல பெயர். விலையை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, இது தகும் என்று பட்டால் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு புலம்பக் கூடாது. ஒவ்வொரு 'சரி'க்கும் அப்படியே விலை உண்டு. அதை மட்டும் நாம் பார்ப்பதே இல்லை!

இரண்டு கைப்பிடி

அதே புத்தகத்தில் இன்னொரு பாடம். எந்த விஷயத்துக்கும் இரண்டு கைப்பிடி உண்டு. ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், இன்னொன்றைப் பிடித்தால் தூக்க முடியாது. உடன்பிறந்தவன் உனக்கு அநியாயம் செய்தால், அநியாயம் என்ற பக்கத்தைப் பிடிக்காதே. 'கூடப் பிறந்தவன், ஒன்றாக வளர்ந்தவன்' என்ற பக்கத்தைப் பிடி என்கிறார்.

நாத்தனார் கோபித்துக்கொண்டாள் என்பது ஒரு கைப்பிடி. மகள் கல்யாணத்தில் தவித்துப் போயிருந்த ஒரு தாய் என்பது இன்னொரு கைப்பிடி. முதல் கைப்பிடியைப் பிடித்திருந்தால் நானும் பதிலுக்கு முறுக்கிக்கொண்டிருப்பேன். இரண்டாவதைப் பிடித்ததால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய், ஆரத்தித் தட்டு, வெற்றிலை பாக்குப் பை என்று இடது கையால் முடிந்ததை எல்லாம் செய்தேன். அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவள் கூடை. போய் நின்றது என் கூடை. இப்போது பேசுகிறாள், ஆனால் பழைய உரிமையோடு அல்ல. அந்த விலையை நான் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லை போடுவது பாசத்தை அறுத்துக்கொள்வது அல்ல என்பதற்கு எபிக்டெடஸின் வாழ்க்கையே சாட்சி. வெகுகாலம் தனியாக எளிமையாக வாழ்ந்தவர் அவர். நண்பர் ஒருவர் வறுமையால் கைவிட இருந்த குழந்தையை வயதான காலத்தில் தானே எடுத்து, அதைக் கவனிக்க ஒரு பெண்ணையும் துணைக்கு வைத்துக்கொண்டு வளர்த்தார் என்று பின்வந்த ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தேவையில்லாததற்குத் தலையாட்டாதவரிடம்தான், தேவையானதற்குக் கை நீட்டத் தெம்பு மிஞ்சும்.

பணத்தைப் பூட்டுகிறோம், பொழுதை?

செனகா சொல்வது இன்னொரு பக்கம். பணப்பெட்டியில் யாராவது கை வைத்தால் சண்டைக்குப் போகிறோம். நம் பொழுதை மட்டும் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறோம். எதில் கஞ்சத்தனம் நியாயமோ, அதில்தான் ஊதாரியாக இருக்கிறோம் என்கிறார். வாழ்க்கையின் சுருக்கத்தைப் பற்றி அவர் எழுதிய அந்தப் புத்தகம், ரோமாபுரி மக்களுக்குத் தானியம் வழங்கும் இலாகாவின் அதிகாரி ஒருவருக்காக எழுதப்பட்டது. நாளெல்லாம் ஊராருடைய தானியக் கணக்கைப் பார்க்கிற நீ, உன் வாழ்நாள் கணக்கை எப்போது பார்க்கப் போகிறாய் என்பதுதான் அதன் சாரம்.

எழுதிய செனகாவுக்கே இது சுலபமாக இருக்கவில்லை. அவர் ஆலோசகராக இருந்தது நீரோ என்ற கொடுங்கோலனிடம். கி.பி. 62-ல், சொத்தை எல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன், ஓய்வு கொடுங்கள் என்று கேட்டார். நீரோ கட்டியணைத்து இனிக்க இனிக்கப் பேசி, மறுத்துவிட்டான். செனகா என்ன செய்தார் தெரியுமா? தன்னைப் பார்க்க வரும் கூட்டத்தைக் குறைத்தார். உடம்பு சரியில்லை, படிப்பு இருக்கிறது என்று வீட்டோடு இருந்துகொண்டார். 65-ல் நீரோவின் உத்தரவால் உயிரை விட நேர்ந்தது. ஆனாலும் நடுவில் கிடைத்த அந்த மூன்று வருஷங்களில்தான் தன் நண்பருக்குப் புகழ்பெற்ற கடிதங்களை எழுதினார். 124 கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. கதவை முழுசாகச் சாத்த முடியாத இடத்தில், பாதியாவது சாத்தி வைக்கலாம் என்பது இதில் நமக்குப் பாடம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற சகோதரிகளுக்கு இது நன்றாகப் புரியும்.

செனகாவிடம் எனக்குப் பிடித்த இன்னொரு வழக்கம். ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, அன்று பேசியது, செய்தது எல்லாவற்றையும் தனக்குள் ஒருமுறை விசாரித்துப் பார்ப்பாராம். அவர் மனைவி அந்த வழக்கம் தெரிந்தவராதலால், அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்க மாட்டாராம். வீட்டில் ஒருவருக்கொருவர் இப்படி ஒரு கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சக்கரவர்த்தியின் சுருக்குவழி

மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை ஆண்டவர். எல்லையில் யுத்தம், நாட்டில் கொள்ளைநோய். அவருக்கும் மனைவி ஃபாஸ்டினாவுக்கும் பதின்மூன்று குழந்தைகளுக்குக் குறையாமல் பிறந்து, பாதிக்கு மேல் சின்ன வயசிலேயே இறந்து போயின. டான்யூப் நதிக்கரைப் பக்கத்துப் பாசறைகளில் இருந்தபோது எழுதிய குறிப்புகளும் அவர் புத்தகத்தில் இருக்கின்றன. இத்தனை சுமைக்கு நடுவில் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டது: நாம் பேசுவதிலும் செய்வதிலும் பெரும்பகுதி அவசியமே இல்லாதது, ஒவ்வொரு தடவையும் 'இது அவசியம்தானா?' என்று கேட்டுக்கொள்.

நான் இந்தக் கேள்வியை ஒரு வாரம் அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். தினம் இரண்டு பொரியல் அவசியமா? ஒன்று போதும். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேருக்கும் தனித்தனியே காலை வணக்கம் அவசியமா? இல்லை. மகளோடு ராத்திரி பத்து நிமிஷம் மொட்டை மாடியில் உட்காருவது? அது மட்டும் கண்டிப்பாக அவசியம்.

காலையில் எழுந்ததும், இன்றைக்குத் தலையிடுகிறவர், நன்றி இல்லாதவர், பொறாமைக்காரர் எல்லாரையும் சந்திக்கப் போகிறேன். அவர்களும் என் இனத்தவரே என்று நினைத்துக்கொள்வதும் மார்க்கஸின் பழக்கம். எபிக்டெடஸும் இதையே சொல்கிறார்: பொதுக் குளியல் கூடத்துக்குப் போகுமுன் அங்கே தண்ணீர் தெளிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போ, போனால் மனசு கெடாது. கல்யாண வீட்டுக்குப் போகும் இளம் மனைவிக்கு 'விசேஷம் எதுவும் இல்லையா?' என்ற கேள்வி வரத்தான் வரும். முன்கூட்டியே நினைத்துக்கொண்டு, "இருந்தா சொல்றோம் அத்தை" என்று ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு போனால், அந்தக் கேள்வி நெஞ்சில் தைக்காது.

பொறுத்துப் போவதற்கு அல்ல

ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். 'மற்றவர்கள் செய்வது நம் கையில் இல்லை' என்பதை, 'எதையும் வாய் மூடிப் பொறுத்துக்கொள்' என்று யாராவது உங்களுக்கு விளக்கினால் நம்பாதீர்கள். அடிக்கிறவர் கை நம் கையில் இல்லை. உதவி கேட்பது நம் கையில் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் சட்டமே வந்திருக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும்.

அதேபோல, பிள்ளை பெற்ற இளம் தாய்க்குக் காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதற்கு வேண்டியது தத்துவம் அல்ல, டாக்டர். தாமதிக்காதீர்கள். இன்றைய மனநல வைத்தியமும் இந்தப் பெரியவர்களை மறந்துவிடவில்லை. நடந்த சம்பவத்தைவிட அதைப் பற்றி நாம் செய்துகொள்ளும் தீர்மானமே நம்மை அதிகம் கலக்குகிறது என்பது எபிக்டெடஸின் கருத்து. அமெரிக்க மனநல நிபுணர்களான ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் இருவரும் தங்கள் சிகிச்சை முறைகளுக்கு ஸ்டோயிக் தத்துவம் ஒரு மூலம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எப்படிச் சொல்வது?

என் அனுபவத்தில் பலன் தந்த சில வழிகள்:

கேட்டவுடன் பதில் சொல்லாதீர்கள். "யோசிச்சு ராத்திரிக்குள்ள சொல்றேன்" என்று நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னபடி அன்றே சொல்லியும் விடுங்கள்.

முடிந்ததை முதலில் சொல்லுங்கள், முடியாததைப் பிறகு. "பேரனை ஆறு மணி வரைக்கும் பார்த்துக்கிறேம்மா. ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரணும்."

பொய்க் காரணம் வேண்டாம். தலைவலி என்று சொன்னால், நாளைக்குத் தலைவலி போயிருக்கும். கேள்வி திரும்பி வரும். உண்மைக் காரணம் ஒரு தடவை சொன்னால் போதும்.

நீட்டி விளக்காதீர்கள். ஒரே வாக்கியம். பிறகு மௌனம். அந்த மௌனம்தான் கஷ்டம், பழகிவிடும்.

குடும்பத்தாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். "என்னங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் எனக்கு வேணும்" என்று அமைதியான வேளையில் கேட்டால் கிடைக்கும். சண்டைக்கு நடுவில் கேட்டால் கிடைக்காது.

உங்கள் எல்லையைப் போல அடுத்தவர் எல்லையையும் மதியுங்கள். வேலைக்காரப் பெண்மணி ஒரு நாள் லீவு கேட்டால் நம் முகம் எப்படிப் போகிறது? மருமகள் "இன்னிக்கு முடியலை அத்தை" என்றால்? நம் மகள் தனக்குப் பிடிக்காத ஒன்றுக்குத் தலையசைத்து மறுத்தால்? அங்கேயும் இதே கணக்குத்தான்.

என் விரல்களின் மரமரப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் ராத்திரி எழுந்து கையை உதறுவது நின்றிருக்கிறது, ஊசி நழுவுவதில்லை. வாரத்துக்குப் பத்து ரவிக்கை, அதற்கு மேல் இல்லை.

பெரிய விஷயத்தில் ஆரம்பிக்க வேண்டாம், தோழிகளே. எபிக்டெடஸும் சின்னதில் ஆரம்பிக்கத்தான் சொல்கிறார்: கொஞ்சம் எண்ணெய் சிந்தியது, கொஞ்சம் திராட்சை ரசம் திருட்டுப் போனது... இந்த அளவில் பழகு. மன நிம்மதிக்கு இதுதான் விலை என்று சொல்லிக்கொள் என்கிறார். இந்த வாரம் யாராவது உங்களிடம் ஏதாவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். 'சரி' என்று வாய் திறப்பதற்கு முன், இந்தக் கீரைக்கட்டு என்ன விலை என்று ஒரே ஒரு தடவை மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். தகும் என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். தகாது என்றால், காசை முந்தானையில் முடிந்துகொண்டு, சிரித்த முகத்தோடு நகர்ந்து விடுங்களேன்!